ஆஜர் சொன்ன வீடு

நகரசபைத் தண்ணீர்ப் பகுதியில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் சிலர், உங்கள் காலத்து வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றார்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது. பினாங்குக்கு எதிர்க்கரையில் பத்து காவான் என்கிற ஊரின் தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வகுப்புப் படித்தவன். குழாய்ச் சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லித் தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். அதை நான் எழுதவில்லை. சாவி கையில் இருக்கும். உத்தரவு பையில் இருக்கும். ஆனாலும் திருப்பலாமா என்று நிற்க வேண்டி வரும். அப்படி நான் நின்ற ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன்.

நான் முதலில் குழாய்க்காரன் இல்லை. கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற ஆள். வராந்தாவில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிட வேண்டும். வந்திருப்பவர் "ஆஜர்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவார். மூன்று தடவைக்கும் பதில் இல்லையென்றால், ஆள் வரவில்லை என்று வைத்துத் தீர்ப்பாகிவிடும். எனக்குச் சத்தமான தொண்டை. அதற்குத்தான் வேலை கொடுத்தார்கள்.

அங்கே ஒரு வக்கீல் இருந்தார். தம் பெயரை எங்கும் எழுதாதே என்று என்னிடம் சொன்னவர். ஆகவே வக்கீல் ஐயா என்றே எழுதுகிறேன். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அவருடைய கட்சிக்காரி ஒருத்தி வீட்டை இழந்திருந்தாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது பெயரைக் கூப்பிட்டார்களாம். அவள் வாசல் மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றாளாம். காதில் விழவில்லை. கேஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கேஸ் ஜெயித்தும் ஐயா சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் விளக்குக்கும் ஊரில் ஓயாத சண்டை. நகரசபை ஆட்கள் வெட்டுவார்கள். ஜனங்கள் கோர்ட்டுக்கு ஓடுவார்கள். வெட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நகரசபை முடிவு செய்தது. வக்கீல் ஐயா கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தார். வரும்போது என்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் நாளே ஒரு விதி போட்டார். எந்தக் குழாயை மூடுவதானாலும் அந்த வீட்டு வாசலில் நின்று, உத்தரவில் உள்ள பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிலை போடுகிற நேரம் விட வேண்டும். பதில் வந்தால் மூடக்கூடாது. அந்த ஆளை ஐயா விசாரித்த பிறகுதான் மற்றது.

இதைக் கேட்டு மற்றப் பகுதிக்காரர்கள் சிரித்தார்கள். குழாய்க்குச் சம்மன் கொடுக்கிற ஆபீஸ் என்றார்கள். என்னோடு சாவி தூக்கி வரும் மாரியே சொல்லுவான்: "அண்ணே, குழாய் ஆஜர்னு சொல்லிச்சுன்னா என்னா செய்யிறது?"

ஒரு வருஷம் மழை தவறிவிட்டது. ஊருக்குத் தண்ணீர் தருகிற தண்ணீர்மலை அருவி நூலாகிவிட்டது. தெருக்குழாயில் வாளியை வைத்துவிட்டுப் பெண்கள் பாதி நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் குடியில்லாத வீடுகளின் குழாயையெல்லாம் மூடு என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவோடுதான் நானும் மாரியும் சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்துக்குப் போனோம். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் தண்ணீர் ஓடுகிறது என்று சந்துக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரம். பூட்டிய வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், பேச்சில் மலாய்க்காரர் 'லா' கலந்து வரும். சந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"தம்பி, வந்தது நல்லதாப் போச்சு. மூடிட்டுப் போங்க. ஆனா பேரு மட்டும் கூப்பிடாதீங்க லா."

"கூப்பிடாம மூடக்கூடாது மாமா."

"யாரு பேரு போட்டிருக்கு?"

"சுப்பராயன், முத்தையா மகன்."

மாமா கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அவன் மவுத்தாகி நாலு வருசம். நிபோங் திபால்ல சொந்தக்காரவுக வீட்டுக்குப் போனான். அங்கயே முடிஞ்சிட்டான். பொஞ்சாதி வெள்ளைப் புடவையோட திரும்பி வந்துச்சு. அந்த வீட்டுல ஹந்து, பேய் இருக்கு தம்பி. இந்த நேரத்துல செத்தவன் பேரைச் சொல்லி வாசல்ல கூப்பிடுறீங்க. பேய் எந்திரிச்சு வந்துட்டா?"

"வந்தா, தண்ணி வேணுமான்னு கேக்குறேன்."

மாரி சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப்போய்ச் சுவரோரம் நிறுத்தினார்.

"காதை வைங்க."

வைத்தேன். சுவர் சில்லென்று இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு அடியில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்தது. குழாய் ஒழுகுகிற சத்தம் இல்லை. மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி ஊற்றும். யாரோ குளிக்கிறார்கள்.

"தெனமும் இந்த மக்ரீப் பாங்கு நேரத்துக்குத்தான்" என்றார் மாமா. "அவன் பொஞ்சாதி தங்கம்மா இப்ப தன் அண்ணன் வீட்டுல இருக்கு, ரெண்டு வாசல் தள்ளி. அமாவாசைக்குப் படைக்கிறவுகளைப் பாத்திருக்கேன். இது தெனமும் இலையில சோறு கொண்டாந்து புருசனுக்குப் படைச்சிட்டுப் பூட்டிட்டுப் போவும். காலையில இலை காலி. காக்கா நுழையக்கூட அங்க வழி கெடையாது."

நான் வெளியே வந்தேன். மாரி நடைபாதையில் இருந்த இரும்பு மூடியைத் தூக்கி, சாவியைக் குழியில் இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அவனும் சிரிக்கவில்லை. சந்து முனையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

முதல் தடவை கூப்பிட்டேன். "சுப்பராயன், முத்தையா மகன்." பதில் இல்லை. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கமே அது இப்போது கேட்டது.

காத்திருந்து இரண்டாம் தடவை கூப்பிட்டேன். தண்ணீர் நின்றுவிட்டது.

அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஏதோ என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. ஆனாலும் விதி மூன்று தடவை. கூப்பிட்டேன்.

மாரி சாவியைத் திருப்பக் குனிந்தான். அப்போது உள்ளேயிருந்து, தொண்டை கட்டிய குரலில், "ஆஜர்" என்று வந்தது.

மாரி சாவியைப் போட்டுவிட்டு ஓடினான். சந்து முனையில் நின்றவர்களும் இல்லை. மாமா மட்டும் கடை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார்.

"மூடிட்டு ஓடியாங்க தம்பி. யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னது சரி. யாரும் கேட்கமாட்டார்கள். உத்தரவு பையில் இருந்தது. பயந்து மூடினான் என்று யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். நான் சாவியை எடுத்தேன். எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன்.

"பதில் வந்திடுச்சு மாமா" என்றேன். "இனி ஐயாதான் கேக்கணும்."

தம்பிகளே, நான் தைரியசாலி இல்லை. கோர்ட்டில் பழகிய பழக்கம். ஆஜர் என்று ஒரு குரல் வந்துவிட்டால், அது உயிரோடு இருக்கிற குரலா என்று பார்ப்பது கூப்பிடுகிறவன் வேலை இல்லை. மாமா கடைப் பையனை ஐயாவிடம் ஓடவிட்டேன்.

ஐயா ரிக்‌ஷாவில் வந்து இறங்கும்போது பூட்டிய வீட்டு வாசலில் தங்கம்மா நின்றாள். வெள்ளைப் புடவை. கையில் சோற்று இலை, மேலே இன்னொரு இலை மூடியிருந்தது. நாற்பது வயது இருக்கும். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதையில் ஏறினார்.

"உள்ள யாரும்மா?"

"யாரும் இல்ல ஐயா. அவங்க போய் நாலு வருசம் ஆச்சு."

"ஆள் இல்லாத வீடா?"

"ஆமா ஐயா."

"அப்ப குழாயை மூடிடலாம். காளிமுத்து, சாவியை இறக்கு."

நான் இறக்கினேன். ஐயா என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா அவசரப்படவில்லை. கோர்ட்டிலும் அப்படித்தான். கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"திருப்பட்டுமா ஐயா?" என்றேன்.

"வேணாம்" என்றாள் அவள். "மூடாதீங்க."

"செத்தவருக்கு எதுக்கும்மா தண்ணி?"

அவள் இடுப்பிலிருந்து திறவுகோலை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் தூசி இல்லை. ஒரு அகல் எரிந்தது. அதற்கு மேலே சுவரில் சுப்பராயனின் போட்டோ. கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்த படம். புது மல்லிகை மாலை, நெற்றியில் குங்குமம். செத்தவர்களின் படத்துக்குச் செய்வதெல்லாம் செய்திருந்தது. ஐயா அதன் எதிரே போய் நின்றார்.

"யாரு என் பேரைக் கூப்பிட்டது?"

படத்திலிருந்துதான் வந்தது என்று நினைத்தேன். ஐயா கையை நீட்டிப் படத்துக்குப் பக்கத்தில் சுவரைத் தட்டினார். பலகை. படம் மாட்டியிருந்த பலகைச் சுவருக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. ஓரத்தில் தாழ்வான கதவு.

"கதவைத் தெறக்காதீங்க" என்றது குரல். "பாக்கிற மாதிரி இல்ல."

ஐயாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. எனக்குத் தங்கம்மா சொல்லித்தான் விளங்கியது. பெரிய வியாதி. குஷ்டம். கண்டால் அந்த நோயாளிகளை ஒதுக்கி வைக்கிற ஜெரஜாக் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்குத் தெரிந்தால் மகளை யாரும் கட்டமாட்டார்கள். அதனால் நிபோங் திபாலில் செத்துப்போனார் என்று சொல்லி, தோணியிலும் மாட்டு வண்டியிலும் மூட்டைகளுக்கு அடியில் படுக்க வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். அண்ணனுக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அந்தப் பெண்தான் வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்கு மாலை போடுகிறவள். புண்ணைக் கழுவ மனிதருக்குத் தண்ணீர் வேண்டும். பாங்கு சத்தத்தில் கேட்காது என்று அந்த நேரம் பார்த்துக் கழுவியிருக்கிறார்.

"பதில் சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார் ஐயா பலகையைப் பார்த்து.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ரெண்டு தடவை பொறுத்துட்டேன். நாலு வருசமா என் பேரு என் காதுல விழல ஐயா. அவ எப்படிச் சொல்லுவா? முன்னயும் சொன்னதில்ல. மூணாந்தடவை வாய் தானா வந்திடுச்சு."

கட்டியவன் பெயரை நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். உங்களுக்கும் தெரியும். சாட்சிக் கூண்டில் ஏறினால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். அந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பலகைக்குப் பின்னாலிருந்து அவரே கேட்டார். "ஐயா, அந்தத் தீவுல காலையில பேர் கூப்பிடுவாங்களாமே, நெசமா?"

"கூப்பிடுவாங்க" என்றார் ஐயா.

"அப்ப என்னை அனுப்பிடுங்க. மகளுக்கு நிச்சயமாயிருக்கு. கல்யாணம் முடியட்டும். முடிஞ்சதும் நான் வந்திடுறேன். அதுவரைக்கும் தண்ணியை மட்டும் விட்டுவைங்க."

தங்கம்மா இலையைக் கீழே வைத்தாள். "அங்க போனா இந்தப் பேரை எழுதுவாங்க. சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவாங்க ஐயா. போறதா இருந்தா வேற பேர்ல போகட்டும்."

அகல் திரி சடசடத்தது.

"வேற பேரா?" என்றார் அவர் பலகைக்குப் பின்னாலிருந்து. அவ்வளவுதான்.

"பேர் அவரோடதும்மா" என்றார் ஐயா. "அதை நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது. ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க."

வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து, உத்தரவின் அடியில் எழுதினார். 'வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார். குழாயை மூடக்கூடாது.' யார் என்று எழுதவில்லை. சந்து முனையில் மறுபடி கூட்டம் சேர்ந்திருந்தது. ஒருவன் தூரத்திலிருந்தே, ஐயாவை முதலாளி என்கிற மரியாதையில் தவுக்கே என்று அழைத்துக் கேட்டான்.

"உள்ள யாரு தவுக்கே?"

"தண்ணி குடிக்கிறவரு" என்றார் ஐயா. ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார்.

மறுநாள் நகரசபை இன்ஜினியர், வெள்ளைக்காரத் துரை, எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஊரெல்லாம் பேசுகிறது, பேய்க்குத் தண்ணீர் விடுகிறீர்கள் என்று. ஊரில் குழந்தைகளுக்குக் குடிக்க இல்லை. அந்த ஆள் யார் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் மேலே எழுதுவேன் என்றார். எழுதினால் ஐயாவின் நாற்காலி போகும். வியாதியைச் சொல்லிவிட்டால் அன்றைக்கே வண்டி வந்து சுப்பராயனை ஏற்றிப் போய்விடும், கல்யாணமும் நிற்கும்.

"என்னிடம் கொடுத்திருப்பது தண்ணீரும் விளக்கும்தான்" என்றார் ஐயா. "ஆள் உண்டா இல்லையா என்று கேட்டீர்கள். உண்டு. கூப்பிட்டவன் இதோ நிற்கிறான், கேட்டுக்கொள்ளுங்கள்."

துரை என் பக்கம் திரும்பினார்.

"பதில் வந்தது துரை" என்றேன்.

"உயிருள்ள மனிதனா?"

"ஆஜர் என்று சொன்னார்."

அவர் மேலே எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் முடியும் வரை ஒவ்வொரு நாளும் ஐயா மேஜையைச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டே வீட்டுக்குப் போனார். நாளைக்கு வேறொருவர் வந்து உட்காரலாம் என்பது போல.

சந்தில் பயம் ஏறிக்கொண்டே போனது. விளக்கு வைக்கிற நேரமானால் கதவுகளைச் சாத்தினார்கள். அந்த வீட்டு முன்னால் யாரும் நடக்கவில்லை. பாங்கு நேரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. கல்யாணத்தன்று காலை மகள் வந்து படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அப்பா பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுதாளாம். பலகைக்குப் பின்னால் அவர் கையை வாயில் கடித்துக்கொண்டு இருந்தாராம். தங்கம்மா பிறகு சொன்னாள்.

பெண் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு, சொன்னபடி அவர் கிளம்பினார். ஐயா சுகாதார ஆபீசில் பேசிவிட்டார். ஒரு நோயாளி தானாகவே வருகிறார், கட்டாயப்படுத்த வேண்டாம், நாங்களே படகுத்துறைக்குக் கூட்டி வருகிறோம் என்று. பெயர் விஷயத்தில் சுப்பராயனே இறங்கி வந்திருந்தார். வேலப்பன் என்று எழுதட்டும், என் மகள் வாழ்ந்தால் போதும் என்று தங்கம்மாவிடம் சொல்லியிருந்தார்.

பொழுது சாய்ந்து போனோம். சந்தில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. மாமா கடையில் மட்டும் விளக்கு. சந்து முனையில் மாட்டு வண்டி நின்றது. வீட்டுக் கதவைத் தங்கம்மா விரியத் திறந்து வைத்திருந்தாள்.

"கூப்பிடு" என்றார் ஐயா.

"எந்தப் பேரு ஐயா?"

"அவர் ஒத்துக்கிட்ட பேரு."

"வேலப்பன்" என்று கூப்பிட்டேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். உள்ளே அசைவில்லை. வெற்றிலை போடுகிற நேரம் நின்றேன். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவையும் கூப்பிட்டேன். அகல் எரிகிறது தெரிந்தது. படத்தின் கண்ணாடி மினுங்கியது. அதற்கப்பால் இருட்டு. அதற்குள் அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரியும். வரவில்லை. அடம்பிடித்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெயருக்கு அவர் உடம்பு எழுந்து வரவில்லை.

"மூணு ஆச்சு ஐயா."

விதி போட்டவர் அவர்தான். மூன்றுக்குப் பிறகு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. வண்டிமாடு மணியை ஆட்டியது.

தங்கம்மா நடைபாதையிலிருந்து கீழே இறங்கினாள். நடுச்சந்தில் வந்து வீட்டைப் பார்த்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சுப்பராயன்" என்றாள்.

மெதுவாகத்தான் தொடங்கினாள். பிறகு சத்தம் கூடியது. "சுப்பராயன். முத்தையா மகன் சுப்பராயன்." 'ங்க' போடவில்லை, ஒன்றும் போடவில்லை. வெறும் பெயர். மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் யாரோ குழந்தையின் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது.

"வர்றேன்" என்று உள்ளேயிருந்து வந்தது. தாழ்வான கதவு திறந்தது. தலையோடு போர்வை போர்த்தி, குனிந்து, தம்முடைய மாலை போட்ட படத்தைத் தாண்டி அவர் வெளியே வந்தார்.

நான் முன்னால் நடந்தேன். பின்னால் அவர். அவருக்குப் பின்னால் தங்கம்மாவும் ஐயாவும். இரண்டு பக்கமும் ஜன்னல் இடுக்குகளில் கண்கள் இருந்தன. மாமா கடை வாசலில் நின்றார். ஓடவில்லை. அவர் பார்வை சுப்பராயன் முகத்துக்குப் போகவில்லை. காலுக்குப் போனது. காலில் கந்தல் சுற்றியிருந்தது. கந்தல் புழுதியில் அழுந்தி அழுந்தி நடந்தது. வண்டி வரைக்கும் மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுத்துறையில் பெயர் எழுதுகிறவர் கேட்டபோது தங்கம்மாதான் சொன்னாள். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

மறுநாள் குழாயை மூட நான் போனேன். மாரி வரமாட்டேன் என்றுவிட்டான். சந்து முழுக்க மாமா கடையில் இருந்தது. எல்லோருக்கும் தேநீர் ஆற்றிக்கொண்டே மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

"நானே பக்கத்துல நின்னு பாத்தேன் லா. பொஞ்சாதி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிச்சு, வந்தான். காலு தரையில படவே இல்ல. அந்தரத்துல போறான். சந்து முனை வரைக்கும் போனான், அப்புறம் காணோம். இனிமே வரமாட்டான். பயப்படாம தூங்குங்க."

நான் வாசலில் நின்று கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தேநீரை இன்னொரு தடவை உயரத் தூக்கி ஆற்றினார்.

அந்தக் கதை தோணியேறி அக்கரை வரைக்கும் போனது. சம்பந்தி வீட்டிலும் கேட்டார்கள். செத்துப்போன மாமனார் பெண்ணின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரையேறினார் என்று அவர்கள் அந்தப் பெண்ணை அதிகமாகவே தாங்கினார்கள். தீவில் அதே பெயரில் ஒருவர் இருக்கிறார் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள். நீங்கள் அந்தச் சந்துக்கு வேலையாகப் போனால் இப்போதும் உங்களுக்குச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு வாருங்கள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. இப்போது சுப்பராயனும் தங்கம்மாவும் இல்லை. ஐயாவும் இல்லை. அதனால் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் மாற்றி.

அந்த வருஷம் மழை வந்த பிறகு ஒரு தடவை ஐயா என்னைத் தீவுக்கு அனுப்பினார். அந்த மனிதருக்குத் தண்ணீர் வசதியாகக் கிடைக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார். அவருடைய வேலையில் சேராத விஷயம். ஆனாலும் சொன்னார். நோயாளிகளைப் பார்க்க விடுகிற நாள் அது. படகில் நாலைந்து பேர். படகின் முனையில் தங்கம்மா உட்கார்ந்திருந்தாள். அதே வெள்ளைப் புடவை. மடியில் ஒரு துணி மூட்டை. மகள் வீட்டுக்குப் போவதாகச் சந்தில் சொல்லிவிட்டு வந்திருப்பாள். என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள்.

படகு கரையை விட்டு, கரையில் நிற்கிறவர்களின் முகம் தெரியாத தூரம் வந்தது. அவள் மூட்டையை அவிழ்த்து ஒரு சிமிழை எடுத்தாள். குனிந்து, தண்ணீரில் முகம் பார்த்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள்.